முதுகுப் புண்ணும் இரவுப் பதிவேடும்: வடசென்னை முதியோர் இல்லம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்ட். ஞாயிற்றுக்கிழமை காலை என் தோழி போன் செய்தாள். "அத்தைக்கு முதுகுல புண்ணு வந்திருக்கு. சின்னதுதான், ஆறிடும்னு இல்லத்துல சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல. நீ ஒரு தடவை வந்து பாரேன்."

வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக் காலம் எலும்பு முறிவு வார்டு. படுக்கைப் புண் எனக்குப் புதிதல்ல. சின்னது என்று சொல்லப்படும் படுக்கைப் புண் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அன்றைக்கே போனேன்.

ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பத்து இருபது படுக்கை கொண்ட தனியார் ஆஸ்பத்திரி. வெளிநாடுகளில் அதே பெயருக்கு, தாமாக எழுந்து நடமாட முடியாத முதியவர்கள் தங்கி வாழும் இடம் என்று பொருள். நாம் அதை முதியோர் இல்லம் என்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்குள் கோயில் குளம் போய்வரும் அறுபது வயதுக்காரரும் இருக்கிறார், கையைத் தூக்கிக் கொசுவை விரட்ட முடியாத எண்பது வயதுக்காரரும் இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பலகை. தோழியின் குடும்பம் ஏமாந்த முதல் இடம் அதுதான்.

அத்தைக்கு வயது 78. காசிமேட்டில் பிறந்து ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து மறைந்தவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மார்ச் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது. வாக்கர் பிடித்து நாலு அடி வைத்துக்கொண்டிருந்தபோதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகனுக்கு மணலியில் ஷிஃப்ட் வேலை, மருமகளுக்கு வங்கி வேலை. ஐந்து இல்லங்களைப் பார்த்துவிட்டு, மே மாதம் மூலக்கடைக்கு வடக்கே ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். மாதம் 22,000 ரூபாய். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. அம்மாவைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள் என்று பேசுகிற வாய்கள் ஒரு வாரம் அந்த மாடிப்படி ஏறி இறங்கிப் பார்க்கட்டும்.

எதைப் பார்த்து அந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். தரையில் நல்ல டைல்ஸ், கேமரா, வாசலில் ஆம்புலன்ஸ் எண், சுவரில் வாராந்திரச் சாப்பாட்டுப் பட்டியல், நாற்றமே இல்லை என்றாள் தோழி. மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-ல் அவேடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார். என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், அதனால் என்ன ஆயிற்று என்று மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. குடும்பங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான் என்பதால். நாற்றமில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். பார்வையாளர் நேரம் மாலை 4 முதல் 6 வரை. மூன்றரைக்கு ஃபினாயில் போட்டுத் துடைத்தால் எந்த இடமும் நாறாது.

முதல் நாள் பார்த்தது

அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கட்டைப் பிரித்தேன். வால் எலும்புக்கு மேலே 3 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர். தோல் முழுக்கப் போய், அடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. மூன்றாம் நிலைப் புண். சின்னது என்று சொல்லும் கட்டத்தை அது தாண்டி வாரக்கணக்காகியிருக்கும். சுற்றிலும் தோல் கறுத்து, தொட்டால் சூடாக, கொஞ்சம் இறுகிக் கிடந்தது.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு, விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். நம் தோல் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. கருநீலமாகவோ வெறும் கருமையாகவோதான் தெரியும். அதனால் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடா, கல் மாதிரி இருக்கிறதா, வலிக்கிறதா என்று. அத்தைக்கு ஜூன் மாதமே அது வந்திருக்க வேண்டும். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பக்கத்து மேசையில் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டில், ஸ்பிரிட், பவுடர் டப்பா. இடுப்புக்கு அடியில் காற்றடைத்த ரப்பர் வளையம். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் படித்த காலத்தில் எங்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய், வளையம் வை. இப்போது இது மூன்றும் கூடாது. பெராக்சைடு புதிதாக முளைக்கும் சதையையே அரிக்கும். நலிந்த தோலைத் தேய்த்தால் உள்ளுக்குள்ளே கிழியும். வளையம் நடுவில் பாரத்தைக் குறைத்து, சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். உப்புத் தண்ணீரில், அதாவது நார்மல் சலைனில், கழுவி ஈரம் காயாத கட்டுப் போட்டால் போதும்.

படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்க 1987-ல் வெளியான பிரேடன் அளவுகோல் இருக்கிறது. உணர்வு, ஈரம், எழுந்து நடமாடுவது, படுக்கையில் அசைவது, சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண். முழு மதிப்பெண் 23. பதினெட்டும் அதற்குக் கீழும் ஆபத்து. அத்தைக்கு 12 வந்தது. சேர்த்த அன்று இதைப் பத்து நிமிடத்தில் போட்டிருக்கலாம். யாரும் போடவில்லை.

எடை பார்க்க நான் கேட்டபோதுதான் தராசைத் தேடினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 52 கிலோ. இப்போது 46.5. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ மூன்று மாதத்தில் 7.5 சதவீதமோ குறைந்தால் ஏதோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். இவருக்குப் பத்தைத் தாண்டியிருந்தது.

இல்லத்தின் உரிமையாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. சண்டை போட வந்திருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்திருக்க வேண்டும். "அக்கா, ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போடறோம். நோட்டு இருக்கு, பாருங்க" என்று பதிவேட்டை நீட்டினார். வலது, நேர், இடது, வலது, நேர், இடது. இரவும் பகலும், மூன்று மாதமும், ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. 31 வருடத்தில் ஒரு கட்டம்கூட விட்டுப்போகாத நோட்டை நான் எந்த வார்டிலும் பார்த்ததில்லை. எங்காவது ஒரு இரவு ஒருவருக்கு மூச்சுத் திணறும், எல்லோரும் அங்கே ஓடுவார்கள், இங்கே எழுதாமல் போகும். அதுதான் இயல்பு.

"ஒரு ராத்திரி நான் இங்கே உட்கார்ந்திருக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம், "ஒரு ராத்திரி எதுக்கு, எத்தனை ராத்திரி வேணும்னாலும் இருங்கக்கா. எனக்கும் தெரியணும்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே இந்த ஆய்வை முழுசாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

இரவு

மொத்தம் மூன்று இரவு, இரண்டு விடியற்காலை, ஒரு மதியம். பார்வையாளர் நேரத்தில் நான் போகவே இல்லை.

இருந்தவர்கள் 34 பேர். இரவில் ஆயாம்மாக்கள் இரண்டு பேர். ஒருவர் வியாசர்பாடிக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பகலில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு இரவு எட்டுக்கு இங்கே வருகிறவர். இன்னொருத்தி ஒடிசாவிலிருந்து வந்த பெண். தமிழ் புரியும், பேச வராது.

முதல் இரவு 10:40-க்குப் பதிவேட்டைத் திறந்தேன். 12 மணி, 2 மணி, 4 மணி, 6 மணிக் கட்டங்கள் அதே நீலப் பேனாவில் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. வியாசர்பாடி அம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். மறைக்கவில்லை. "காலைல மேடம் வந்ததும் நோட்டுதாம்மா பாப்பாங்க. அப்போ எழுத டைம் இருக்காது" என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமல் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாமாகத் திரும்ப முடியாதவர்கள் ஒன்பது பேர். ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். போர்வையோடு தூக்கி, டயப்பர் பார்த்து, நனைந்திருந்தால் துடைத்து மாற்றி, முதுகுக்கும் முழங்காலுக்கு நடுவிலும் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்க, அவசரப்படாமல் செய்தால் பத்து நிமிடம் ஆகிறது. ஒன்பது பேருக்குத் தொண்ணூறு நிமிடம். இரண்டு மணிக்கொரு தடவை என்றால் 120 நிமிடத்தில் 90 இதற்கே போய்விடும். மிச்சம் முப்பது நிமிடத்தில் மற்ற 25 பேர். அதில் பன்னிரண்டு பேரைக் கைப்பிடித்துத்தான் கழிப்பறைக்கு அழைத்துப்போக வேண்டும். ஒரு தாத்தா மறதி நோயால் வாசல் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார், அவரோடு ஒருவர் நிற்க வேண்டும். இதையெல்லாம் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை, உட்காராமல்.

நடக்கவே நடக்காத காரியம். நடக்காத காரியத்துக்கு ஒரு நோட்டு போட்டு, தினமும் காலையில் கையெழுத்துக் கேட்டால் அந்த நோட்டில் பொய்தான் இருக்கும். அந்த இரண்டு பெண்களையும் பொய்யர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்காமல் அந்த வேலையை அவர்கள் தலையில் வைத்தவர்கள்தான் அந்த நோட்டை எழுத வைத்தார்கள்.

இரவு இரண்டு மணிக்கு அத்தை 10 மணிக்கு இருந்த அதே நிலையில் இருந்தார். மல்லாந்து, கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தியபடி. இரவுச் சாப்பாட்டுக்கு உயர்த்தியது, டிவி பார்க்கட்டும் என்று விட்டது, இறக்க மறந்தது. மெல்ல மெல்லக் கீழே சரிந்திருந்தார். தோல் படுக்கையில் ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் கீழே இழுக்கும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். அந்தப் புண் வால் எலும்பின் மேல் சரியாக ஏன் வந்தது என்பதற்கு விடை அந்தச் சரிவில் இருந்தது. தலைப்பக்கம் முப்பது டிகிரிக்கு மேல் சாப்பாட்டு நேரம் தவிர இருக்கக்கூடாது. இதற்குப் பணமும் ஆளும் தேவையில்லை, ஒரு கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அவர் விழித்துத்தான் இருந்தார். உதடு வெடித்து, நாக்கு காய்ந்து மரத்தூள் மாதிரி இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் நனைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஏன் பெரியம்மா, தாகமில்லையா?"

"தாகம் இருக்குது கண்ணு. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வருது. ஒண்ணுக்கு வந்தா அந்தப் பொண்ணக் கூப்பிடணும். பாவம், அதுவே நின்னுக்கினே தூங்குது. அதான் நாலு மணிக்கு மேல குடிக்கறதில்ல."

மே மாதத்திலிருந்து அப்படித்தானாம். சாயந்திரம் நாலு மணியிலிருந்து காலை வரை தண்ணீர் இல்லாமல். அதிலிருந்துதான் மற்றதெல்லாம். சிறுநீர் கடுத்து ஜூலையில் ஒரு தொற்று. அந்தத் தொற்றில் நாலு நாள் பிதற்றல். பிதற்றலைப் பார்த்து, வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள். வாய் வறண்டதால் சாப்பாடு இறங்கவில்லை, சாப்பாடு இறங்காததால் எடை போயிற்று, எடை போனதால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் இருந்த சதை போயிற்று. இவ்வளவும் அவரே எடுத்த ஒரு முடிவு. அந்தப் பெண்ணின் தூக்கத்துக்காக எடுத்த முடிவு. அன்று விடியும் வரை எனக்கு அது மனதைவிட்டுப் போகவில்லை.

பகலில் தெரிந்த மற்றவை

இரவு உணவு ஐந்தே முக்காலுக்கு. சமையல்காரர் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால். காலை இட்லி எட்டரைக்கு. நடுவில் பதினாலே முக்கால் மணி நேரம் வயிறு காலி. அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களுக்கு இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் இடையே 14 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதியே இருக்கிறது. படுக்கும் முன் நல்ல சிற்றுண்டி கொடுத்தால் 16 வரை விடலாம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ஐந்தே முக்காலுக்குச் சாப்பிட்டுப் படுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும். இரண்டு பேருக்கு அப்படி ஆகியிருந்ததை ஆயாம்மாவே சொன்னார். புழுக்கம் என்று ஃபேனைக் கூட்டியிருக்கிறார்கள்.

அத்தையின் பல்செட் கப்போர்டில் ஒரு டப்பாவில் இருந்தது. எடை இறங்கி ஈறு சுருங்கியதும் அது ஆடியிருக்கிறது, கழற்றி வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லாம் குழைத்த சாதம். பிறந்ததிலிருந்து நெத்திலியும் கானாங்கெளுத்தியும் சாப்பிட்டு வளர்ந்த உடம்புக்கு மூன்று மாதமாக மீன் வாசனையே இல்லை. முட்டையும் வாரம் இரண்டுதான். புண் ஆறப் புரதம் வேண்டும் என்று இதைவிட எப்படிச் சொல்வது?

மாத்திரை ஒன்பது. அதில் ஒன்று தூக்க மாத்திரை. ஆபரேஷன் முடிந்து பத்து நாளுக்கு என்று எழுதியது, ஐந்து மாதமாக நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. முதியவர்களுக்கு எந்த மருந்துகளைத் தவிர்க்கலாம் என்று மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-ல் ஒரு பட்டியல் போட்டார். இத்தகைய இல்லங்களில் இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் அது முதலில் எழுதப்பட்டது. அந்த வகைத் தூக்க மாத்திரைகள் அதில் இருக்கின்றன. தூக்கத்தில் புரளாமல் கிடப்பார்கள், எழுந்தால் விழுவார்கள். இல்லத்தில் 34 பேரில் 14 பேருக்கு இரவு எட்டு மணிக்கு அந்த வகை மாத்திரை போயிற்று. அமைதியான இல்லம் என்று பார்வையாளர்கள் சொன்னதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது.

நல்லதையும் எழுத வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை. அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் ஜமுக்காளத்தில் நான்கு முனையைப் பிடித்து, பதினோரு பேரை மாடிக்குத் தூக்கியிருக்கிறார்கள். வியாசர்பாடி அம்மாவின் சொந்த வீட்டிலும் அன்று தண்ணீர். அவர் இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் போனார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அக்கறையில்லாத இடத்தில் இது நடக்காது. கேமராவையும் டைல்ஸையும் காட்டிய உரிமையாளர் இதை யாருக்கும் சொன்னதில்லை.

மாற்றியது

நான் எழுதிக்கொடுத்தது நாலு பக்கம். முதல் பக்கத்தில் அந்தத் தொண்ணூறு நிமிடக் கணக்கு மட்டும். உரிமையாளர் அதை இரண்டு முறை படித்தார்.

மூன்றாவது ஆள் வேண்டும். இரவு ஆளுக்குச் சம்பளம் 16,000. அதை 34 ஆல் வகுத்தால் தலைக்கு 470 ரூபாய். குடும்பங்களைக் கூப்பிட்டுப் பேசினோம். பலர் உடனே சரி என்றார்கள். ஆறு குடும்பங்கள் முடியாது என்றன. அதில் ஒருவர், எங்கப்பா நடக்கிறார், அவருக்கு எதற்கு என்று கேட்டார். அந்த ஆறு பேரின் பங்கை உரிமையாளர் தன் கையிலிருந்து போட்டு செப்டம்பரில் ஆளை எடுத்தார்.

ஒன்பது பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் என்பதையும் விட்டோம். அடர்த்தியான நுரை மெத்தை இருந்தால் சிலருக்கு மூன்று, நான்கு மணி நேரம் வரை நீட்டலாம். ஐந்து பேருக்கு அப்படி மெத்தை வாங்கி நான்கு மணி நேரம். புண்ணோ கருமையோ இருந்த நான்கு பேருக்கு மட்டும் இரண்டு மணி நேரம். நான்கு மணி நேரத்தில் 18 தடவை திருப்ப வேண்டியிருந்தது 13 ஆயிற்று. நோட்டை மேசையிலிருந்து எடுத்துக் கட்டிலில் கட்டினோம். முடியாமல் போனால் கட்டத்தைக் காலியாக விடு, யாரும் திட்டமாட்டோம் என்று உரிமையாளரே அந்த இரண்டு பெண்களிடமும் சொன்னார். ஒடிசாப் பெண்ணுக்காக எழுத்துக்குப் பதில் அம்புக்குறி.

இரவு உணவு ஏழேகாலுக்குப் போயிற்று. ஒன்பது மணிக்குப் பால் அல்லது கஞ்சி. இரவு பத்துக்கும் விடியற்காலை ஐந்துக்கும் யாரும் கூப்பிடாமலேயே கட்டில் கட்டிலாகப் போய், கழிப்பறைக்குப் போகணுமா என்று கேட்கிற பழக்கம் வந்தது. அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன், இனி நீங்கள் கூப்பிட வேண்டாம், அவர்களே வருவார்கள் என்று. அன்று இரவு ஒரு டம்ளர் குடித்தார். திங்கள்தோறும் காலையில் எல்லோருக்கும் எடை.

மாத்திரைகளுக்காக அத்தையைக் கிண்டிக்கு அழைத்துப்போனோம். முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியிருந்தார். இப்போது கிண்டியில் முதியோருக்கான தேசிய மையம் தனி மருத்துவமனையாகவே 2024 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. ஒன்பது மாத்திரை ஐந்தாயிற்று. தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஆனால் மற்ற 13 பேரில் ஐந்து பேருக்குத்தான் நிறுத்த முடிந்தது. இல்லத்துக்கு வரும் டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் வருகிறார், சில குடும்பங்களும் வேண்டாம் என்கின்றன. இது இன்னும் தீரவில்லை.

தோழி கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். புகார் கொடுக்க வேண்டாமா என்றாள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும்படி அரசு அமைக்கலாம் என்கிறது அது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. கதவைத் திறக்க மறுக்கும் இல்லமாக இருந்தால், அடி உதை தெரிந்தால், அந்த எண்ணுக்கு அன்றைக்கே அடிக்க வேண்டும், யோசிக்கவே கூடாது. இங்கே கதவு திறந்திருந்தது. அதனால் நான் கணக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

புண் மூடப் பதினோரு வாரம் ஆயிற்று. நவம்பர் கடைசியில் எடை 48.8. புதுப் பல்செட் வந்தது. தோழி ஞாயிறுதோறும் மீன் குழம்பு கொண்டுவருகிறாள். பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வந்து, கட்டில் கம்பியைப் பிடித்து உடம்பைத் திருப்பக் கற்றுக்கொடுத்தார்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போன மூன்றாவது ஆள் திரும்பி வரவில்லை. பத்தொன்பது இரவு மறுபடியும் இரண்டே பேர். நான் போய் நோட்டுகளைப் புரட்டினேன். அந்தப் பத்தொன்பது இரவுகளிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக 41 கட்டங்கள் காலியாக இருந்தன. உரிமையாளர் அந்தப் பக்கங்களை அப்படியே போட்டோ எடுத்துக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். முடியாது என்ற ஆறு குடும்பங்களில் நாலு அன்றைக்கே 470 ரூபாய் அனுப்பின. பிப்ரவரி முதல் வாரம் புது ஆள் சேர்ந்தார்.

அவர் சேர்ந்த இரவின் பக்கத்தையும் பார்த்தேன். அத்தையின் கட்டிலில், 4 மணிக் கட்டத்தில் அம்புக்குறி இல்லை. வியாசர்பாடி அம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "பாட்டி தானே திரும்பி படுத்துட்டாங்க."